ஏழு வண்டிகள், இரண்டு கால்கள்

பழைய மிதிவண்டியில் ஒரே ஓர் உறுப்பை மட்டும் மாற்றிவிட்டு எழுந்துவிடலாம் என்று எண்ணுகிறவர், இன்னும் அந்த வேலையில் கை வைக்காதவராகத்தான் இருக்க வேண்டும். பின்சக்கரத்தில் சற்றுப் பெரிய பல்சக்கரம் ஒன்றைப் பொருத்த விரும்புகிறோம். செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளும் கியர் மாற்றிக்கு அவ்வளவு பெரிய சக்கரம் எட்டாது என்று தெரிகிறது, அதை மாற்றுகிறோம். இப்போது செயின் நீளம் போதவில்லை. புதிய செயினைப் போட்டால், பல்லாண்டு தேய்ந்த முன்பற்களில் அது அமராமல் துள்ளுகிறது. முன்பற்களை மாற்றப் போனால் கிராங்கு சுழலும் நடு அச்சு வரை கழற்ற வேண்டியதாகிறது. சனிக்கிழமை மாலைக்குள் முடியும் என்று தொடங்கிய வேலை, தவக்காலத்தைப் போல் நாற்பது நாள் நீண்டுவிடுகிறது.

இது ஒரு பங்குக் குருவின் எழுதுகோலுக்கு உரிய பொருள்தானா என்று அன்பு வாசகர்கள் ஐயுறலாம். நம் மறைமாவட்டத்திலிருந்து இத்தாலி நாட்டுப் பணிக்கு அனுப்பப்பட்டுப் பன்னிரண்டு ஆண்டுகளாகின்றன. பெர்காமோ, பிரெஷா என்னும் இரு நகரங்களுக்கு இடையே, ஆல்ப்ஸ் மலையின் அடிவாரக் குன்றுகள் போ ஆற்றுச் சமவெளியில் வந்து முடியும் இடத்தில் நம் பங்கு அமைந்துள்ளது. வடக்கே குன்றின்மேல் ஒரு சிற்றாலயம்; தெற்கே மக்காச்சோள வயல்களும் பால் பண்ணைகளும். குன்றுக்கும் வயலுக்கும் நாம் மிதிவண்டியிலேயே போய்வருகிறோம். பங்கு இல்லத்தின் பின்புறக் கொட்டகையில் சென்ற ஆண்டு வரை ஏழு மிதிவண்டிகள் நின்றன. ஏறி மிதிக்க நமக்கு இருப்பவையோ இரண்டே கால்கள். அந்த ஏழும் எப்படி வந்தன, அவற்றுள் சில எங்கே போயின என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

ஒற்றை வண்டியின் காலம்

நம் தந்தையார் ஊர்ப்பள்ளி ஆசிரியர். அம்பத்தூரில் செய்யப்பட்ட கறுப்பு நிற ஹெர்குலிஸ் ஒன்றை அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓட்டினார். இன்னொன்று வாங்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு எழுந்ததாக நினைவில்லை. டயர், டியூப், பிரேக் கட்டை, கோட்டர் பின் ஆகியவை தேய்ந்தால் மாற்றுவார். மாற்றுவது என்றால் போனதைப் போலவே ஒன்றைப் போடுவது என்பதுதான் பொருள். ஆண்டுக்கொரு முறை தெருமுனைக் கடையில் ‘ஓவராயில்’ நடக்கும். கடைக்காரர் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றி, தட்டிலுள்ள மண்ணெண்ணெயில் ஊறப்போடுவார். பால்ரஸ் குண்டுகளை எண்ணி எடுத்து, கிரீஸ் வைத்து, மறுபடி எண்ணிப் போடுவார். ஒரு குண்டு தரையில் உருண்டுவிட்டால் கடை முழுவதும் குனிந்து தேடும். நாம் கற்ற முதல் பொறியியல் பாடம் அந்தத் தட்டின் அருகே குந்தியிருந்து கற்றதே.

அந்த ஹெர்குலிஸ் வண்டியின் செயினில் ஒரு கண்ணியின் நடுமுளைக்கும் அடுத்த முளைக்கும் இடையே உள்ள தொலைவு அரை அங்குலம். இன்று பந்தய வீரர் ஓட்டும், பின்னால் பன்னிரண்டு பல்சக்கரங்கள் கொண்ட வண்டியின் செயினிலும் அதே அரை அங்குலந்தான். நூறாண்டுகளுக்கும் மேலாக மிதிவண்டி உலகம் மாற்றாமல் காத்துவரும் அளவுகளில் அது ஒன்று. செயினின் அகலம் குறைந்தது, எடை குறைந்தது, விலை மட்டும் ஏறியது. அரை அங்குலம் அப்படியே நின்றது. இதனால் எல்லார்க்கும் ஒரு நன்மை உண்டு. பன்னிரண்டு அங்குல நீளத்தில் சரியாக இருபத்து நான்கு கண்ணிகள் அடங்க வேண்டும். ஒரு சாதாரண அளவுகோலை வைத்துப் பார்க்கையில் இருபத்து நான்காம் கண்ணி 1/16 அங்குலம் தள்ளிப் போயிருந்தால் செயினை மாற்றும் வேளை வந்துவிட்டது. 1/8 அங்குலம் தள்ளிப் போயிருந்தால் பற்களும் தேய்ந்துபோயிருக்கும், செலவு பன்மடங்காகும். ஹெர்குலிஸ் ஓட்டுகிறவரும் இதே அளவுகோலால் தம் வண்டியைச் சோதித்துக்கொள்ளலாம்.

மற்ற அளவுகளில் இந்த ஒற்றுமை கிடையாது. கிராங்கு அச்சைத் தாங்கும் கிண்ணங்களின் மரையை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலேயர் மரையின் விட்டம் 1.37 அங்குலம், வலப்பக்கக் கிண்ணத்தை இடமாகச் சுற்றி இறுக்க வேண்டும். இத்தாலியர் மரை 36 மில்லிமீட்டர். இருபுறமும் வலமாகவே இறுகும். பிரெஞ்சுக்காரர் மரை 35 மில்லிமீட்டர். ஒன்றின் கிண்ணத்தை மற்றொன்றில் வலிந்து திருகினால் மரை அழிந்து சட்டமே வீணாகும். பின்சக்கரம் அமரும் கவட்டின் அகலமும் காலத்தோடு வளர்ந்தது. ஐந்து பல்சக்கரக் காலத்தில் 120 மில்லிமீட்டர். ஆறும் ஏழும் வந்தபோது 126. எட்டு வந்தபின் 130. பழைய வண்டியில் கை வைப்பவர் முதலில் வாங்க வேண்டியது உறுப்பன்று, அளவுக்கருவி.

முதியவரின் பியாங்கி

நம் பங்கின் பாடகர் குழுவில் நெடுங்காலம் பாடிய முதியவர் ஒருவர், ஆலைத் தொழிலாளி, 1978ஆம் ஆண்டில் ஒரு பியாங்கி பந்தய வண்டி வாங்கியிருந்தார். மிலான் நகரில் 1885ஆம் ஆண்டில் எதுவார்தோ பியாங்கி தொடங்கிய நிறுவனத்தின் வண்டி. அதற்கே உரிய, நீலமும் பச்சையும் கலந்த வெளிர் நிறம். ஞாயிறுதோறும் காலைத் திருப்பலி முடிந்ததும் அதில் ஏறிக் குன்றுகளுக்குள் மறைந்துவிடுவார். அவர் இறைவனடி சேர்ந்த சில வாரங்களில், அவருடைய மனைவி அந்த வண்டியை உருட்டிக்கொண்டு பங்கு இல்லத்திற்கு வந்தார். இங்கே குருக்களை ‘தோன்’ என்று அழைப்பது வழக்கம்.

“தோன், இதைச் சுவரில் மாட்டிவைக்காதீர்கள். ஓட்டுங்கள்” என்றார் அந்த அம்மையார்.

மறுநாள் மகன் வந்தார். “அப்பா வைத்திருந்தபடியே இருக்கட்டும், தோன். எதையும் மாற்றிவிட வேண்டாம்” என்று கேட்டுக்கொண்டார்.

தாயின் விருப்பமும் மகனின் விருப்பமும் ஒரே வண்டியில் மோதின. முதியவரின் முழங்கால்கள் வேறு, நம் முழங்கால்கள் வேறு. வண்டியின் முன்னே 52, 42 பற்கள். பின்னே மிகப் பெரியது 24. மிக எளிய கியரில்கூட ஒரு சுற்று மிதித்தால் வண்டி ஏறத்தாழ 3.7 மீட்டர் முன்னேறியாக வேண்டும். சமவெளியில் அது இன்பம். குன்றின்மேல் உள்ள சிற்றாலயத்திற்கு வாரம் இருமுறை ஏறுகிற ஐம்பது வயதுக்காரனுக்கு அது தண்டனை. மாற்றாவிட்டால் ஓட்ட முடியாது. ஓட்டாவிட்டால் தாயின் சொல் வீழ்கிறது. மாற்றினால் மகனின் சொல் வீழ்கிறது.

குருமடத்தில் மெய்யியல் பயின்ற நாளில் தீசியஸ் மன்னனின் கப்பலைப் பற்றிப் படித்திருக்கிறோம். புளூட்டார்க் குறிப்பிடும் அக்கப்பலின் பலகைகள் ஒவ்வொன்றாக உளுத்து, ஒவ்வொன்றாக மாற்றப்பட்டு, கடைசியில் பழைய பலகை ஒன்றும் மீதமில்லை. அது அதே கப்பல்தானா? தேர்வில் இரண்டு பக்கம் எழுதி மதிப்பெண் பெற்ற கேள்வி, முப்பது ஆண்டுகள் கழித்துக் கொட்டகையில் கிரீஸ் படிந்த கையோடு நம் முன் வந்து நின்றது. ஏட்டில் எழுதியபோது அக்கப்பலை அறிந்த விதவை எவரும் எதிரே நிற்கவில்லை.

நாம் கண்ட வழி எளியது. மறுபடி பழைய நிலைக்குத் திருப்பக்கூடிய மாற்றங்களை மட்டும் செய்வது. திருப்ப முடியாத எதையும் செய்யாதிருப்பது. எட்டுப் பல்சக்கரம் பொருத்தலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். அதற்குப் பின்கவட்டை 126 மில்லிமீட்டரிலிருந்து 130க்கு விரிக்க வேண்டும். எஃகுச் சட்டம் அதைத் தாங்கும். அலுமினியமும் கார்பன் இழையும் தாங்கா. தாங்கினாலும் அது சட்டத்தின் உருவத்தை மாற்றும் வேலை. ஆகவே அதை விட்டோம். வண்ணம் பூசுவதையும் விட்டோம்.

பழைய கம்பனோலோ கிராங்கில் 41 பற்களுக்குக் குறைந்த முன்சக்கரம் பொருந்தாது. எனவே கிராங்கையே கழற்றி, 50, 34 பற்கள் கொண்ட வேறொன்றைப் பொருத்தினோம். அதற்கேற்ப இத்தாலிய மரை கொண்ட புதிய நடு அச்சு வந்தது. பின்னே 28 பல் கொண்ட பிரீவீல்; அதை எட்டும் நீண்ட கையுடைய கியர் மாற்றி; புதிய செயின். சட்டத்தின் கீழ்க்குழாயில் இருந்த பழைய கியர் நெம்புகோல்களைத் தொடவில்லை. 1984ஆம் ஆண்டில் ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் ‘கிளிக்’ என்று தானே நின்றுகொள்ளும் கியரைப் பந்தய வண்டிக்குக் கொண்டுவந்தது. 1990இல் அதையே பிரேக் பிடியோடு இணைத்தது. அவ்வகைக் கியரில் நெம்புகோல், மாற்றி, பல்சக்கரம் மூன்றும் ஒரே அளவுக்குள் பொருந்தியாக வேண்டும். பழைய உராய்வு நெம்புகோலுக்கு அந்தக் கட்டுப்பாடில்லை. எந்த நிறுவனத்து மாற்றியோடும் அது இணங்கிப்போகும். செயின் சரியாக அமர்ந்ததா என்பதைக் காதும் விரலும் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது ஒரு சுற்று மிதித்தால் வண்டி 2.6 மீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே முன்னேறுகிறது. ஏற்றத்தில் மூச்சு முட்டுவதில்லை. எல்லாவற்றினும் குறைந்த செலவில் நிறைந்த பயன் தந்தவை பிரேக் கட்டைகளும் பிரேக் கம்பிகளும். நாற்பது ஆண்டில் கல்லாகிப்போன கட்டைகளை எடுத்துவிட்டுப் புதியவை போட்டதும், இறக்கத்தில் இருந்த அச்சம் நீங்கியது. பழைய வண்டி வைத்திருப்போர் எவராயினும் முதலில் இதைச் செய்யலாம்.

கழற்றிய உறுப்புகள் யாவற்றையும் துடைத்து, எண்ணெய் பூசி, ஒரு மரப்பெட்டியில் அடுக்கி, எது எங்கே இருந்தது என்று சீட்டும் எழுதி வைத்தோம். மகன் வந்து பார்த்தார். பெட்டியைத் திறந்து தந்தையின் கிராங்கைச் சற்று நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் வண்டியின் டயரை அழுத்திப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் காற்று வேண்டும்” என்றார். நாம் பம்பை எடுத்துக் கொடுத்தோம்.

கூட்டல் கணக்கு

மிதிவண்டிப் பிரியர்களிடையே ஒரு வேடிக்கைக் கணக்கு உண்டு. ஒருவனுக்குத் தேவையான வண்டிகளின் எண்ணிக்கை எவ்வளவு? இப்போது இருப்பதோடு ஒன்றைக் கூட்டிக்கொள்க. மேல்வரம்பு ஏதேனும் உண்டா? உண்டு: எத்தனையாவது வண்டி வந்தால் மனைவி வீட்டைவிட்டுப் போய்விடுவாளோ, அதற்கு ஒன்று குறைவு. துறவறத்தார்க்கு இந்த இரண்டாம் விதி பொருந்தாமையால் கணக்கு எல்லையின்றி ஓடக்கூடும்.

வண்டிகள் பெருகும் விதம் விந்தையானது. ஒன்றைப் புதுப்பித்தபின் சில உறுப்புகள் மிஞ்சுகின்றன. நல்ல சக்கரங்கள் இரண்டு கொட்டகையில் சும்மா தொங்குவது மனத்தை உறுத்துகிறது. அவற்றுக்கு ஒரு சட்டம் கிடைத்தால் போதுமே என்று தோன்றுகிறது. சட்டம் ஒன்று குப்பை விலைக்குக் கிடைக்கிறது. அது மரையில் ஆங்கில வழியது. ஆகவே வேறு நடு அச்சு. அதை வாங்கப்போன இடத்தில் கைப்பிடி ஒன்று. இவ்வாறு மிச்சத்திலிருந்து ஒரு வண்டி பிறக்கிறது. அதன் மிச்சத்திலிருந்து அடுத்தது. பங்குக் குருவுக்குச் சைக்கிள் பிடிக்கும் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால், வீடு காலி செய்வோரும் முதியோர் இல்லம் போவோரும் தம் பங்குக்கு ஒன்றை வாசலில் சாத்திவிட்டுப் போகிறார்கள். இப்படித்தான் ஏழு சேர்ந்தன.

நிற்கும் வண்டி தீனி கேட்பதில்லை என்று நினைப்பதும் சரியன்று. போ சமவெளியின் குளிர்காலப் பனிமூட்டம் பூட்டிய கொட்டகைக்குள்ளும் நுழையும். காற்று இறங்கிய டயர் மடிந்த இடத்தில் வெடிக்கிறது. கிரீஸ் இறுகுகிறது. எஃகுச் சட்டத்துக்குள் இறங்கும் அலுமினிய இருக்கைத் தண்டு, இரு உலோகங்களுக்கிடையே நிகழும் அரிப்பால் சட்டத்தோடு ஒட்டிப்போகிறது. ஆண்டுக்கொரு முறையேனும் உருவிக் கிரீஸ் பூசாவிட்டால் பிறகு வாளால் அறுத்தே எடுக்க நேரிடும். ஏழு வண்டியைப் பேண நமக்கு மாதத்தில் இரண்டு முழு நாட்கள் தேவைப்பட்டன. ஒரு பங்கில் அந்த இரண்டு நாட்களுக்குக் காத்திருக்கும் நோயாளர் பலர் உண்டு.

கோமோ ஏரிக்கு அருகே மக்ரேலியோ ஊரின் மலைக்கணவாயில் கிசால்லோ அன்னையின் சிற்றாலயம் உள்ளது. அவ்வூர்ப் பங்குத்தந்தை எர்மெலிந்தோ விகனோ அடிகளாரின் முயற்சியால், 1949ஆம் ஆண்டில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் கிசால்லோ அன்னையை மிதிவண்டியோட்டிகளின் பாதுகாவலியாக அறிவித்தார். சுவரெங்கும் மிதிவண்டிகள்: ஜீனோ பார்த்தலி ஓட்டியது, பவுஸ்தோ கோப்பி ஓட்டியது. 1995ஆம் ஆண்டு பிரான்சு நாட்டுப் பந்தயத்தில் மலை இறக்கத்தில் விழுந்து உயிரிழந்த பாபியோ கசார்தெல்லியின் நெளிந்த வண்டியும் அங்கே உள்ளது. வண்டிகள் இடங்கொள்ளாமல் போகவே, 2006ஆம் ஆண்டில் பக்கத்திலேயே ஓர் அருங்காட்சியகம் எழுப்பினர். அங்கும் வண்டிகள் ஓடாமல்தான் நிற்கின்றன. ஆனால் ஒவ்வொன்றின் கீழும் ஒரு மனிதரின் பெயர் இருக்கிறது. அவர் அதில் ஏறிய மலைகள் இருக்கின்றன. நம் கொட்டகையில் அப்படிப் பெயர் சொல்லி நின்றது பியாங்கி ஒன்றே. மற்றவை ஆளுக்காகக் காத்திருந்தன.

எது உயர்வு?

நம் பங்கின் தெற்கே உள்ள பால் பண்ணைகளில் பஞ்சாபிலிருந்து வந்த தொழிலாளர்கள் பலர் உழைக்கின்றனர். உலகம் விரும்பி உண்ணும் இத்தாலியக் கட்டிப்பாலாடைக்கு வேண்டிய பாலில் அவர்களது உழைப்பும் சேர்ந்திருக்கிறது. விடியுமுன்பே பால் கறவை தொடங்கிவிடும். அவர்களுள் ஓர் இளைஞர், குளிர்கால இருட்டில் ஆறு கிலோமீட்டர் நடந்து பண்ணைக்குப் போய்வருவதை அறிந்தோம். “அண்ணன் மகளுக்குப் பணம் அனுப்ப வேண்டியிருக்கிறது, ஃபாதர்ஜி, வசந்தம் வந்தால் சைக்கிள் வாங்குவேன்” என்றார். பனிமூட்டத்தில் லாரிகள் விரையும் சாலை அது.

அன்று மாலை கொட்டகையில் நின்று ஆறு வண்டிகளையும் பார்த்தோம். பந்தய வண்டிகளில் மட்கார்டு மாட்டவும் கேரியர் மாட்டவும் சட்டத்தில் துளைகள் இரா. டயருக்கும் சட்டத்துக்கும் இடையே விரல் நுழையாது. நெடுந்தூரப் பயணத்துக்கென்று செய்யப்பட்ட ஒரு பச்சை வண்டியில் மட்டும் துளைகள் இருந்தன. அதன் வளைந்த கைப்பிடியை எடுத்துவிட்டு நேரான கைப்பிடி போட்டோம். இரண்டின் தடிப்பும் வேறாகையால் அதைப் பிடிக்கும் தண்டையும் மாற்ற வேண்டியிருந்தது. பிரேக் பிடிகளை, பழைய பிரேக் இழுக்கும் கம்பியின் அளவுக்குப் பொருந்துமாறு தேடிப் போட்டோம். அளவு பிசகினால் பிடி இறுகியிருக்கும், வண்டி நிற்காது. 32 மில்லிமீட்டர் அகல டயர்கள், மட்கார்டுகள், கேரியர், முன்சக்கரத்தில் டைனமோ, முன்னும் பின்னும் விளக்கு. இத்தாலியில் ஊர் எல்லைக்கு வெளியே இரவில் ஓட்டுவோர் ஒளிரும் மேலாடை அணிய வேண்டும் என்பது 2010ஆம் ஆண்டு முதல் சட்டம். அதையும் கேரியரில் மடித்து வைத்தோம்.

வண்டியின் எடை மூன்று கிலோ கூடியது. வேகம் குறைந்தது. பந்தயப் பிரியர் எவரும் இதனை உயர்வு என்று ஒப்புக்கொள்ளார். வேலை முடிந்து எட்டி நின்று பார்த்தபோது நம் எதிரே நின்றது ஏறக்குறைய நம் தந்தையாரின் ஹெர்குலிஸ். அதே நிமிர்ந்த இருக்கை, அதே டைனமோ, பை வைக்க அதே கேரியர். செயினில் அதே அரை அங்குலம்.

உறுப்பை மாற்றுவது எதற்காக என்ற கேள்விக்கு அந்தப் பச்சை வண்டியே நமக்கு விடை. மலை ஏறும் ஐம்பது வயது முழங்காலுக்கு 34 பல் சக்கரம் உயர்வு. இருட்டில் போகும் தொழிலாளிக்கு மட்கார்டும் விளக்கும் உயர்வு. யார் ஏறப்போகிறார் என்று தெரியாமல் எந்த உறுப்பும் மற்றோர் உறுப்பைவிட மேலானதாகிவிடாது. கிராமில் எடை பார்த்து, அட்டவணையில் விலை பார்த்து வாங்கும் புதுமையில் இந்த ஒன்று விடுபட்டுப்போகிறது.

அதன்பின் மேலும் இரண்டு வண்டிகள் கொட்டகையைவிட்டுப் போயின. ஒன்று பள்ளிக்குப் போகும் பெண் பிள்ளைக்கு. மற்றொன்று நம்மிலும் உயரமான, அதில் அழகாகப் பொருந்துகிற பீடப்பணி இளைஞனுக்கு. மீதம் நான்கு. அவற்றுள் பியாங்கி ஓடுகிறது. மழைநாளுக்கு ஒன்று ஓடுகிறது. மற்ற இரண்டில் ஒன்றின் நடு அச்சு இன்னும் கிடைக்கவில்லை. கடைசி ஒன்றை விட மனம் இணங்கவில்லை என்பதைத் தவிரச் சொல்வதற்குக் காரணம் இல்லை. நம் கணக்கு இப்போது இதுதான்: ஒரு மாதத்தில் எத்தனை வண்டியில் ஏறி அமர்கிறோமோ, அத்தனையே நமக்குரியவை. ஆயரின் பணிமாற்ற ஆணை ஒரு நாள் வரும்போது, பியாங்கியும் மரப்பெட்டியும் ஒன்றாக அந்த மகனின் வீட்டுக்குப் போகும். பெட்டியின் மூடியில் அவர் பெயரை எழுதிவிட்டோம்.

அன்பு வாசகர்களே, உங்கள் இல்லத்திலும் மாடிப்படியின் அடியில் ஒரு சைக்கிள் நிற்கக்கூடும். மகளுக்குப் பள்ளியில் அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டியாக இருக்கலாம். மகள் இப்போது வேலைக்குப் போய் ஸ்கூட்டர் வாங்கியிருக்கலாம். இந்த ஞாயிறு மாலை அதை வெளியே எடுத்துத் தூசி தட்டுங்கள். இரு டயர்களிலும் காற்று அடித்து, மறுநாள் காலை வரை நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் செயினுக்கு எண்ணெய் விட்டு, பிரேக் கட்டைகளை மாற்றுங்கள். பிறகு, உங்கள் தெருவில் விடியற்காலையில் நடந்து வேலைக்குப் போகிறவர் யார் என்று வாசலில் நின்று பாருங்கள்.